டேங்கின் மேல் உட்கார்ந்த ஹெல்மெட்: அறிந்தும் செய்யாமல் போவது ஏன்?

சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று இரு சக்கர வண்டிகளைக் கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். ஹெல்மெட் இருக்கிறது, ஆனால் தலையில் இல்லை. பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அல்லது கண்ணாடிக் கம்பியில் தொங்குகிறது. அந்த ஆளை நிறுத்தி, "ஹெல்மெட் உயிரைக் காக்கும், தெரியுமா?" என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வார். போலீசுக்காகத்தான் வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல.

சர்க்கரை நோய் உள்ளவர் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்காமல் சாப்பிடுகிறார். நாளை காலைப் பரீட்சையை வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணி வரை ஒருவர் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். இவர்களில் யாருக்கும் தகவல் குறைவு இல்லை. பிறகு எது குறைகிறது?

"மன உறுதி" என்பது உடனே வாயில் வரும் பதில். அதைப் பற்றி வந்த செய்திகளோ குழப்பத்தைக் கூட்டியிருக்கின்றன. மன உறுதி தசை மாதிரி, வேலை வாங்கினால் களைக்கும் என்று முதலில் படித்தோம். சில ஆண்டுகள் கழித்து அந்த ஆய்வு தேறவில்லை என்று படித்தோம். ஒரு மிட்டாய்க்காகக் காத்திருக்கும் குழந்தைதான் பிற்காலத்தில் முன்னேறும் என்றார்கள். அதுவும் சரியில்லை என்றார்கள். எதை எடுத்துக்கொள்வது என்று தெரிய வேண்டுமானால், ஆய்வுக்கூடங்களுக்கு 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. அப்போது பிரித்து வைத்த சில வேறுபாடுகள் நம் செய்திகளில் தொலைந்துபோயிருக்கின்றன. குழப்பத்தில் பாதி அதனால் வருவதுதான்.

## முதலில் சொற்கள்

1. அறிவு. இந்த விவாதத்தில் இது வெறும் தகவலைக் குறிக்காது. "எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் நல்லது" என்று ஒருவர் எடுக்கும் முடிவையே குறிக்கும்.

2. ஆசை. அந்த முடிவோடு ஒத்தும் போகும், எதிர்த்தும் இழுக்கும். பசி, கோபம், பயம் எல்லாவற்றையும் இந்த இழுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

3. மன உறுதி. எடுத்த முடிவை விடாமல் பிடித்திருக்கும் வலிமை. திருக்குறள் இதை மனத்திட்பம் என்கிறது. "வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம், மற்றைய எல்லாம் பிற" என்று, செயலின் உறுதியை முழுக்க மனத்தின் உறுதியிலேயே வைக்கிறது.

4. அக்ரசியா. இது கிரேக்கச் சொல். "கிராடோஸ்" என்றால் ஆளும் வலிமை. ஜனநாயகத்தைக் குறிக்கும் டெமாக்ரசி என்ற சொல்லின் பின்பாதியும் அதுதான். தன்னை ஆளும் வலிமை இல்லாமல் போவது அக்ரசியா. நல்லது எது என்று முடிவு செய்த பிறகும் அதற்கு எதிராக நடப்பது. டேங்கின் மேல் ஹெல்மெட் வைத்திருப்பவர் இதற்கு நல்ல உதாரணம்.

## சாக்ரடீஸ் ஏன் அப்படி ஒன்றே கிடையாது என்றார்

பிளேட்டோ எழுதிய "புரோடகோரஸ்" உரையாடலில் சாக்ரடீஸ், கேட்டவுடன் தவறென்று தோன்றும் ஒரு கருத்தைச் சொல்கிறார். ஊரில் பலர் அறிவை ஓர் அடிமையைப் போலப் பார்க்கிறார்கள், கோபமும் இன்பமும் பயமும் அதை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு போவதாக நினைக்கிறார்கள், அது தவறு என்கிறார். உண்மையிலேயே அறிந்தவன் அதற்கு எதிராக நடக்க மாட்டான் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் போகும் வழி இது:

1. "இன்பத்துக்குத் தோற்றுவிட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். கணக்கில் போட்டுப் பார்த்தால் இதன் பொருள், சின்ன இன்பத்துக்குப் பதிலாகப் பெரிய துன்பத்தை வாங்கிக்கொண்டேன் என்பதே.

2. பெரிய துன்பம் என்று அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்திருந்தால் இந்த வியாபாரத்துக்கு யார் ஒத்துக்கொள்வார்கள்?

3. அப்படியானால் அந்த நேரத்தில் அளவு தவறியிருக்க வேண்டும். அருகில் இருக்கும் பொருள் பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் கண்ணுக்குத் தெரிவதைப் போல, இப்போது கிடைக்கும் இன்பம் பெரிதாகவும் பிறகு வரும் துன்பம் சிறிதாகவும் மனதுக்குத் தெரிகிறது.

4. ஆகவே நமக்குத் தேவை அளக்கும் கலை. தோற்றத்தைத் தாண்டி உண்மையான அளவைக் காட்டும் அறிவு.

இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மூன்றாவது படியை மட்டும் நான் தள்ள மாட்டேன். மனிதர்கள் பிற்காலத்தின் அளவை எப்படிச் சுருக்கிப் பார்க்கிறார்கள் என்று இன்று பொருளாதார வல்லுநர்கள் ஆராய்வது அதே தூரக் கணக்கைத்தான். இலையில் இருக்கும் ஜாங்கிரி ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது. கால் புண் ஆறாமல் போவது பதினைந்து ஆண்டு தூரத்தில் இருக்கிறது.

ஆனால் முதல் கேள்வி தீரவில்லை. சாப்பிடும்போதே, "இது தப்பு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவரை என்ன செய்வது? சாக்ரடீஸின் கருத்து கண்ணெதிரே நடப்பதோடு நேராக முரண்படுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதியது இதனால்தான்.

## வைத்திருப்பது வேறு, பயன்படுத்துவது வேறு

அரிஸ்டாட்டில் "நிகோமாகிய அறவியல்" என்ற நூலின் ஏழாம் பகுதியில் பெரும்பங்கை இதற்கென்றே ஒதுக்குகிறார். சாக்ரடீஸை அவர் அப்படியே ஒதுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. "அறிந்திருப்பது" என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் இருப்பதைக் காட்டுகிறார்.

தூங்குகிறவருக்குக் கணக்குத் தெரியும். குடித்திருப்பவருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது அவர்கள் கையில் இல்லை. ஆசையோ கோபமோ உச்சத்தில் இருக்கும் மனிதர் இவர்களைப் போன்றவர் என்கிறார் அரிஸ்டாட்டில். இந்த உணர்ச்சிகள் உடம்பையே மாற்றிவிடுவது வெளிப்படையாகத் தெரிகிறதே என்றும் சொல்கிறார்.

அப்படியானால் சாப்பிடும்போதே "தப்பு" என்று சொல்கிறவர்? அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. குடித்தவர்கள் பழைய தத்துவக் கவிஞர் எம்பெடோக்ளிஸின் கவிதையைக்கூட ஒப்பிப்பார்கள். புதிதாகப் படிக்க வந்த மாணவர்கள் பாடத்தின் வார்த்தைகளைச் சரியாகக் கோத்துச் சொல்வார்கள், ஆனால் இன்னும் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த அறிவு அவர்களோடு சேர்ந்து வளர வேண்டும், அதற்குக் காலம் ஆகும். வார்த்தை வாயில் வருவதை வைத்து அறிவு வேலை செய்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

டேங்கின் மேல் இருக்கும் ஹெல்மெட்டை இதைவிடச் சரியாக விளக்கும் வாதத்தை நான் கண்டதில்லை. அது கையில் இருக்கிறது, பயனில் இல்லை. "ஹெல்மெட் உயிர்க்கவசம்" என்று அவர் சொல்வதும் அதைப் போலத்தான்.

இன்னொரு நுணுக்கம். அரிஸ்டாட்டில் கணக்கில் செயல் என்பது இரண்டு வாக்கியங்கள் சேர்ந்து பிறப்பது. ஒன்று பொது வாக்கியம்: "சர்க்கரை நோயாளி இனிப்பு சாப்பிடக் கூடாது." மற்றது இந்த நேரத்தைப் பற்றியது: "இது இனிப்பு, நான் சர்க்கரை நோயாளி." பொது வாக்கியம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். தவறுவது இரண்டாவதில். அதே நேரத்தில் "இனிப்பு என்றால் சுவை" என்ற வேறொரு பொது வாக்கியமும் மனதில் இருக்கிறது. ஆசை அதன் பக்கம் நிற்கிறது. "இது இனிப்பு" என்ற வாக்கியம் அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது, கை இலைக்குப் போகிறது. பொது அறிவை எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும், அது இந்தக் கணத்தோடு சேராத வரை கையை நிறுத்தாது.

இதை வைத்து அவர் மனிதர்களை நான்காகப் பிரிக்கிறார். நம் செய்திகளில் தொலைந்துபோன வேறுபாடு என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

1. நிறைந்த அடக்கம் உள்ளவர். கெட்ட ஆசை அவரை இழுப்பதே இல்லை. சண்டை கிடையாது.

2. கட்டுப்படுத்திக்கொள்பவர். ஆசை இழுக்கிறது, அவர் சண்டை போட்டு ஜெயிக்கிறார்.

3. கட்டுப்பாடு இழப்பவர். சண்டை போடுகிறார், தோற்கிறார், பிறகு வருந்துகிறார்.

4. தறிகெட்டவர். தவறை நல்லது என்றே நம்பிச் செய்கிறார். சண்டையும் இல்லை, வருத்தமும் இல்லை.

மூன்றாமவரை, நல்ல சட்டங்களை இயற்றி வைத்துவிட்டு எதையும் செயல்படுத்தாத நகரத்துக்கு ஒப்பிடுகிறார். நான்காமவர் கெட்ட சட்டங்களை இயற்றி அவற்றைச் செயல்படுத்தும் நகரம். மூன்றாமவரைத் திருத்த முடியும், ஏனென்றால் சட்டப் புத்தகம் சரியாக இருக்கிறது.

மூன்றாமவருக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. ஒருவர் யோசிக்காமல் பாய்ந்துவிடுபவர். மற்றவர் யோசித்து முடிவெடுத்து, பிறகு நிற்க முடியாமல் போகிறவர். முன்கோபிக்கும், தீபாவளிக்கு மறுநாள் சிகரெட்டை விடுவதாகச் சொல்பவருக்கும் ஒரே மருந்து கிடையாது.

மன உறுதி என்று நாம் மேடையில் பாராட்டுவது எப்போதும் இரண்டாமவரைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவரை. அரிஸ்டாட்டிலின் வரிசையில் அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆய்வுகளைப் பார்க்கும்போது தேவைப்படும்.

## குதிரையும் வாதுவனும்

அறிவுக்கும் அடக்கத்துக்கும் நடுவில் இடைவெளியே விடாத ஓர் இலக்கணம் தமிழில் இருக்கிறது.

"சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ
நன்றின்பால் உய்ப்ப தறிவு."

மனம் போன போக்கில் போகவிடாமல், தீயதிலிருந்து விலக்கி, நல்லதின் பக்கம் செலுத்துவது அறிவு. இதில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். போகவிடாமை, விலக்குதல், செலுத்துதல். தெரிந்துகொள்வது என்ற சொல்லே இல்லை. வள்ளுவர் அறிவு என்று பெயரிடுவது செலுத்தும் வேலைக்குத்தான். செலுத்தாத ஒன்றை இந்தக் குறள் அறிவு என்று ஏற்காது. அந்த வகையில் இது சாக்ரடீஸுக்கு மிக அருகில் நிற்கிறது.

பரிமேலழகர் உரை இதற்கு ஒரு குதிரையைக் கொண்டுவருகிறது. நிலம் அறிந்து குதிரையைச் செலுத்தும் வாதுவன் போல, மனத்தைப் புலம் அறிந்து செலுத்துவது அறிவு என்கிறது. வாதுவன் என்றால் குதிரை ஓட்டுபவன். அவன் குதிரையை அடித்து வீழ்த்துவதில்லை. எந்த நிலத்தில் அது மிரளும், எங்கே வேகம் எடுக்கும் என்று முன்பே அறிந்திருக்கிறான், பாதையை அதற்கேற்ப எடுக்கிறான். உரையாசிரியர் "நிலம் அறிந்து" என்று சேர்த்த அந்த இரண்டு சொற்களுக்குள் பெரிய விஷயம் இருக்கிறது.

பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இதே கேள்வியை இன்னும் நேராகக் கேட்கிறான். விரும்பாதவனாக இருந்தும், யாரோ பலவந்தமாகத் தள்ளுவது போல, மனிதன் ஏன் பாவம் செய்கிறான்? ஆசையும் கோபமும்தான் என்பது பதில். அவை அறிவை எப்படி மறைக்கின்றன என்று கிருஷ்ணன் உவமையால் காட்டுகிறார். நெருப்பைப் புகை மூடுவது போல, கண்ணாடியைத் தூசி மூடுவது போல, கருவைப் பை மூடுவது போல மூடுகின்றன என்கிறார். குடித்தவரின் கணக்கறிவும் அப்படித்தான். உள்ளே இருக்கிறது, மூடியிருக்கிறது. கிரேக்கமும் கீதையும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை, விடுதலை பற்றிய கீதையின் கவலை அரிஸ்டாட்டிலிடம் கிடையாது. ஆனாலும் இந்த ஓர் இடத்தில் இருவரும் பார்த்தது ஒன்றுதான்.

## மனம் மனத்துக்குக் கட்டளையிட்டால்

கிறிஸ்தவ மரபில் இந்தக் கேள்வி திரும்பியது. நான் விரும்பும் நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் உரோமருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகஸ்டின், 386-இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் தான் பட்ட பாட்டை எழுதும்போது இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். மனம் கைக்குக் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது. மனம் தனக்கே கட்டளையிட்டால் எதிர்ப்பு வருகிறது. ஏன்? கட்டளையிடும் மனம் முழுதாக விரும்பவில்லை, அதனால்தான் கட்டளையிடவே வேண்டியிருக்கிறது என்பது அவர் பதில்.

கிரேக்கர்கள் அறிவில் தேடிய ஓட்டையை இவர் விருப்பத்துக்குள் தேடினார். "மன உறுதி" என்று தனியாக ஒரு சக்தியைக் கற்பனை செய்யும் நம் பழக்கத்தில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சரி, அப்படி ஒரு தனிச் சக்தி இருந்தால் அதை அளக்க முடிய வேண்டும் அல்லவா?

## ஆய்வுக்கூடத்தில் நடந்தது

அமெரிக்காவில் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1998-இல் வெளியிட்ட சோதனை மிகப் பிரபலம். அடுப்பிலிருந்து இறக்கிய சாக்லேட் பிஸ்கட் வாசனை நிறைந்த அறை. சிலருக்கு பிஸ்கட், சிலருக்கு முள்ளங்கி மட்டும். பிறகு விடையே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். ஆசையை அடக்கி முள்ளங்கி தின்றவர்கள் 8 நிமிடம் சொச்சத்தில் விட்டுவிட்டார்கள். அடக்கியதில் மன உறுதி செலவாகிவிட்டது என்று விளக்கம் சொல்லப்பட்டது. தசை உவமை பரவியது இதிலிருந்துதான்.

கலந்துகொண்டவர்கள் 67 பேர்தான். 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள், 2,100-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, இந்தக் களைப்பை வேறொரு சோதனை முறையில் தேடின. விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். 2021-இல் 36 ஆய்வுக்கூடங்கள், 3,500-க்கும் மேற்பட்டவர்கள். அப்போதும் மிக மிகச் சிறிய விளைவே கிடைத்தது. தீர்ந்துபோகும் எரிபொருள் போன்ற மன உறுதி என்ற கருத்துக்கு இன்று உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தன்னடக்கமே பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதை ஒரு டாங்கில் நிரப்பி வைத்த பொருளாகக் கற்பனை செய்தது மட்டுமே தோற்றது.

மிட்டாய்ச் சோதனையின் கதை இன்னும் முக்கியம், ஏனென்றால் அது குழந்தைகளைப் பற்றியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியிலிருந்து இதைச் செய்தார். இப்போதே சின்னப் பரிசை எடுத்துக்கொள்ளலாம், காத்திருந்தால் இதைவிட நல்லது கிடைக்கும். அவர் முதலில் பார்க்க விரும்பியது எந்தக் குழந்தை உசத்தி என்பதை அல்ல, காத்திருத்தல் எப்படி நடக்கிறது என்பதை. 1970-இல் வெளிவந்த முடிவில், தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம் அளவே தாங்கினார்கள். மறைத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல். அதே வயது, அதே பள்ளி. மாறியது தட்டு இருக்கும் இடம் மட்டும். மிட்டாயை ஒரு மேகமாகக் கற்பனை செய் என்று சொல்லிக் கொடுத்தபோதும் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள்.

இதை விட்டுவிட்டு ஊடகங்கள் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. காத்திருந்த குழந்தைகள் வளர்ந்தபின் படிப்பில் முன்னால் இருந்தார்கள் என்பதை. 2018-இல் டைலர் வாட்ஸும் சகாக்களும் 900-க்கும் மேற்பட்ட, பல பின்னணிகளைச் சேர்ந்த குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். தொடர்பு முன்பு சொன்னதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயதுத் திறன்கள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

அதற்கு முன்பே, 2013-இல், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளோடு ஒரு சின்னச் சோதனை செய்திருந்தார்கள். பாதிப் பேரிடம் நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். மீதிப் பேருக்குச் சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு மிட்டாய். ஏமாற்றப்பட்டவர்கள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள், வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் 12 நிமிடம். சொன்ன வாக்கு நிற்காத வீட்டில், நாளை சோறு உறுதியில்லாத வீட்டில் வளரும் குழந்தை கிடைத்ததை உடனே தின்பது மன உறுதிக் குறைவு அல்ல. அந்தக் குழந்தையின் அளவுகோல் அதன் உலகத்துக்குச் சரியாகவே இருக்கிறது. ஏழைக் குழந்தைகளுக்கு "ஒழுக்கம் போதாது" என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு சோதனையையாவது படிக்க வேண்டும்.

இப்போது அரிஸ்டாட்டிலின் வரிசைக்குத் திரும்பலாம். வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் 2012-இல் ஜெர்மனியில் 205 பேரிடம் கருவி கொடுத்து, நாள் முழுக்க இடையிடையே கேட்டார்கள்: இப்போது ஏதாவது ஆசை இருக்கிறதா, அதோடு போராடுகிறீர்களா? தன்னடக்கம் அதிகம் உள்ளவர்கள் அதிகம் போராடுவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். தெரியவந்தது நேர்மாறு. அவர்களுக்கு மனப்போராட்டமும் குறைவு, ஆசையை எதிர்த்து நிற்க வேண்டிய தருணங்களும் குறைவு. இரண்டாமவரைத் தேடிப் போன ஆய்வு முதலாமவரின் வாசலில் போய் நின்றது.

## எந்த இடத்தில் நிறுத்துவது

ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த கிரிசிப்பஸ் ஓர் எளிய உவமை சொன்னார். நடப்பவர் நினைத்த இடத்தில் காலை நிறுத்தலாம். ஓடுபவரால் முடியாது, நிறுத்த நினைத்த பிறகும் கால் சில அடி போகும். கோபமும் பேராசையும் ஓட்டம். ஸ்டோயிக்குகளின் கணக்கில், ஒரு தோற்றம் மனதில் படுகிறது, அதற்கு மனம் "ஆம்" என்று ஒப்புகிறது, பிறகுதான் உந்துதல் பிறக்கிறது. நிறுத்துவதற்கு இடம் அந்த "ஆம்" சொல்லும் புள்ளியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஓட்டம்தான்.

அந்தப் புள்ளிக்கு முன்பே அறிவைக் கொண்டுபோய் வைக்க இரண்டு வழிகளுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஒன்று, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த "இப்படியானால் இப்படி" என்ற திட்டம். "இனிமேல் ஹெல்மெட் போடுவேன்" என்பது நோக்கம். "சாவியை எடுக்கும்போதே ஹெல்மெட்டைத் தலையில் வைப்பேன்" என்பது திட்டம். 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாவது வகை தெளிவான பலன் தருவது தெரிந்தது. அரிஸ்டாட்டில் சொன்ன இரண்டாவது வாக்கியம், அதாவது இந்தக் கணத்தைப் பற்றியது, முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

மற்றது முன்கட்டு. ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸ், கடல் மோகினிகளின் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டு, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைக்கிறான். நான் கெஞ்சினாலும் அவிழ்க்காதே என்கிறான். இதே யோசனையைப் பொருளாதார வல்லுநர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் சம்பளக்காரர்களிடம் செய்து பார்த்தார்கள். இப்போது சேமிக்கச் சொல்லவில்லை, அடுத்த சம்பள உயர்வு வரும்போதெல்லாம் சேமிப்பு விகிதம் தானாக உயரட்டும் என்று இன்றே கையெழுத்து வாங்கினார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது.

கயிற்றில் கட்டிக்கொண்டவனை அடக்கம் உள்ளவன் என்று சொல்லலாமா? பலருக்கு இது உறுத்தும். தத்துவவாதி ஹேரி ஃபிராங்க்ஃபர்ட் 1971-இல் எழுதிய கட்டுரை இங்கே உதவும். மனிதனுக்கு ஆசைகள் இருப்பது விசேஷம் அல்ல, ஆசைகளைப் பற்றிய ஆசை இருப்பதுதான் விசேஷம் என்றார். போதைக்கு அடிமையான இருவர். ஒருவருக்கு அந்த ஆசையே வேண்டாம், மற்றவருக்கு அதில் குறை தெரியவில்லை. இருவரும் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான், ஆனால் முதலாமவர் செய்வது அவருடைய விருப்பம் அல்ல. இந்தக் கண்ணால் பார்த்தால் கயிற்றைக் கட்டச் சொன்னதுதான் ஒடிசியஸின் விருப்பம், பாட்டைக் கேட்டுத் திமிறியது அவன் விலக்கி வைத்த ஆசை. நிலம் அறிந்து குதிரையைச் செலுத்தும் வாதுவனும் இதையே செய்கிறான். எனக்கு இது தன்னடக்கமாகவே தெரிகிறது.

ஒரு நிபந்தனை மட்டும். கயிற்றைக் கேட்டது அவனாக இருக்க வேண்டும். பிறர் கேட்காமல் கட்டினால் அதற்கு வேறு பெயர்.

## இதனால் என்ன மாறுகிறது

முதலாவது, குற்றம் சாட்டும் முறை. "உனக்கு மன உறுதி இல்லை" என்று நோயாளியிடம் சொல்லும் மருத்துவர், மாணவரிடம் சொல்லும் ஆசிரியர், எதையும் விளக்கிவிடவில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைப் பார்த்தபோது என்று கேட்டால் விளக்கம் தொடங்கும்.

இரண்டாவது, விழிப்புணர்வுப் பிரசாரம். பொது வாக்கியத்தை உரக்கச் சொல்வதில் நாம் நிறையச் செலவழிக்கிறோம், பொது வாக்கியம் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. அதைச் செயலின் கணத்துக்குக் கொண்டுபோகும் முயற்சிகள் குறைவு. அவற்றில் முக்கியமான ஒன்று சிகரெட் பெட்டியின் மேல் அச்சிடும் எச்சரிக்கைப் படம். 2016 ஏப்ரல் முதல் இந்தியாவில் பெட்டியின் இரு பக்கமும் 85 சதவீத இடத்தில் அது இருக்க வேண்டும். கை பெட்டிக்குப் போகும் அந்த நொடியில், பதினைந்து ஆண்டு தூரத்தில் இருக்கும் நோயைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு அது. சாக்ரடீஸ் கேட்ட அளவுகோலை அட்டையில் அச்சிட்டது போல.

ஆனால் நம் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்குகிறவர் பெட்டியை வாங்குவதில்லை. ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான் வாங்குகிறார். கடைக்காரர் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறார், பக்கத்தில் தொங்கும் லைட்டரில் அவர் பற்ற வைத்துக்கொள்கிறார். படம் இருக்கிறது. அது கடைக்காரரின் பக்கம் இருக்கிறது.